கிறிஸ்மஸ் லீவு முடிந்தது, வீடு மட்டும் இன்னும் லீவில் இருக்கிறது

கோட்டாறு_மகள்
ஜனவரி 4, இரவு 9.40

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நாகர்கோவிலிலிருந்து நேற்றுக் காலைதான் குரோம்பேட்டைக்கு வந்து சேர்ந்தோம். நாளை பள்ளி திறக்கிறது.

மகன் பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்றிலிருந்து நள்ளிரவுக்கு முன்னால் படுத்ததே இல்லை. கேரல் ரவுண்ட்ஸ், ஆராதனை, அப்புறம் மாடியில் அண்ணன் தம்பிகளோடு கேரம். இந்த மாதமே திருப்புதல் தேர்வு வருகிறது. பகல் முழுக்கத் தூக்கம், ராத்திரி முழுக்கப் போன்.

மகள் இரண்டாம் வகுப்பு. அவள் கதை வேறு. ஊரில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று ஒரு பட்டாளம். கண் விழித்தால் பக்கத்துப் பாயில் யாராவது கிடப்பார்கள். இங்கே இன்று காலை எழுந்தவள் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க யாருமே இல்ல" என்று அழுதாள். நானும் அவள் அப்பாவும் எதிரிலேதான் நின்றோம். நாங்கள் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது.

இது போக அழுக்குத் துணி மூட்டை, டின் டின்னாகப் பலகாரம், காலி ஃபிரிட்ஜ். எதில் தொடங்குவது? உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? "ஒரு அட்டவணை போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன வருடத்து அட்டவணையே ஃபிரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

வெட்டிப்பேச்சு_வேலு

எதற்கு இந்த அவசரம்? பத்து நாளில் போகி. அப்புறம் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். இடையில் பள்ளி நடக்கிற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிள்ளைகளை இப்போது பழக்கி, பொங்கலுக்கு மறுபடி கெடுத்து, மறுபடி பழக்குவது யாருக்கு லாபம்? எல்லாவற்றையும் காணும் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பாளை_டீச்சர்

வேலு தம்பி சொல்வதைக் கேட்டால் அடுத்து குடியரசு நாள் வரும், அதற்கப்புறம் ஆண்டு விழா வரும், நேரே முழுப் பரீட்சைதான்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வகுப்பறைப் பக்கம் என்ன நடக்கும் என்று சொன்னால் கோட்டாறு மகளுக்குப் பாதி பயம் போய்விடும். திறந்த முதல் நாள் பாதி வகுப்பு கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும். ஆசிரியர்களும்தான், வெளியே சொல்வதில்லை. அரையாண்டு விடைத்தாள் கொடுப்பது, திருத்தம் எழுதுவது, மூன்றாம் பருவப் புத்தகம் கொடுப்பது என்றே அந்த வாரம் ஓடும். முதல் நாளே பிள்ளை பளிச்சென்று உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எங்களில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

தூக்கத்துக்கு வருகிறேன். பள்ளி திறப்பதற்கு முந்தைய இரவு எட்டரைக்கே விளக்கை அணைத்துப் பிள்ளையைப் படுக்க வைப்பார்கள். பதினொரு மணிக்குத் தூங்கிப் பழகிய பிள்ளைக்கு எட்டரைக்கு எப்படித் தூக்கம் வரும்? புரளும், தண்ணீர் கேட்கும், அடி வாங்கும். படுக்கும் நேரத்தை விட்டுவிடுங்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியிருந்தாலும் ஆறு மணிக்கு எழுப்பி, விடிந்ததும் பால்கனி வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். உடம்பின் கடிகாரத்தை முன்னால் தள்ளுவது காலை வெளிச்சம்தான். மாலையில் பள்ளி விட்டு வந்ததும் அசந்து தூங்க விடாதீர்கள். இரவு தானாகச் சொக்கும். சின்னவளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும், பெரியவனுக்கு எட்டு. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் படுக்கச் சொல்லாதீர்கள். பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகும். எல்லாவற்றையும் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

டீச்சர், காலை வெளிச்சத்தில் நிற்க வை என்கிறீர்கள், நான் எங்கே போவேன்? லண்டனில் ஜனவரி முதல் வாரம் சூரியன் எட்டு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கும். மாலை நான்குக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். பிள்ளைகளை எழுப்பும்போது கும்மிருட்டு.

எங்களுக்கு இங்கே சொந்தக்காரர் கூட்டமும் இல்லை. கிறிஸ்மஸ் அன்று பஸ், ட்ரெயின்கூட ஓடாது. நாங்கள் நாலு பேரும் டிவியும்தான். அப்படியும் பள்ளி திறக்கும் நாளில் சின்னவன் சட்டைப் பட்டனைப் போட மறுக்கிறான். கூட்டம் போனதால் மட்டும் வருகிற சோகம் இல்லை இது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் நாள் முழுக்க வீட்டில் இருந்தார்கள், இனி இருக்க மாட்டார்கள். பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரிகிறது.

பாளை_டீச்சர்

ஈஸ்ட்ஹாம் அக்கா, அங்கே என்றால் காலையில் சமையலறை விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சாப்பாடு கொடுங்கள். முடிந்தால் பள்ளிக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போங்கள். மேகமாக இருந்தாலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

குளச்சல்_அம்மா

"அப்பா நாள் முழுக்க வீட்டில் இருந்தார்" என்ற வரியில் நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் குவைத்தில். ஒரு மாத லீவில் வந்துவிட்டு 2ஆம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினார். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதே கதைதான். டிசம்பரில் வேன் வேனாக ஏர்போர்ட்டிலிருந்து இறங்குவார்கள், ஜனவரியில் வேன் வேனாக ஏறுவார்கள். புத்தாண்டுக்கு அப்புறம் தெருவில் ஆண் குரலே குறைந்துவிடும்.

அவர் இருக்கும்போது வீட்டுச் சட்டம் எல்லாம் ரத்து. பரோட்டா வேண்டுமா, வாங்கு. கடற்கரை போகணுமா, கிளம்பு. அவரைக் குறை சொல்லவில்லை. வருடத்தில் ஒரு மாதம்தான் அவருக்குப் பிள்ளைகள். ஆனால் அவர் போன மறுநாள் நான் வில்லி ஆகிவிடுவேன். "அப்பா இருந்தா விட்டிருப்பாரு" என்கிற வசனம் மாதக் கடைசிவரை ஓடும்.

எங்களுக்குப் பெரிய சிக்கல் போன் நேரம். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டுக் கூப்பிட்டால் இங்கே பத்து மணி. அப்பாவிடம் பேசாமல் படுக்க மாட்டார்கள், பேசினால் தூக்கம் கலைந்துவிடும். இப்போது மாற்றிவிட்டோம். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே கூப்பிடுவார். அங்கே ஐந்தரை, இங்கே எட்டு. பஸ் இரைச்சலில் பாதி கேட்காது, பரவாயில்லை. பாதி பேச்சு எப்படியும் "ஆங்? என்ன?" தான். பத்து மணிக்கு அவர் என்னோடு பேசிக்கொள்ளட்டும். வெளிநாட்டில் இருக்கிற அப்பாமார் யாராவது இதைப் படித்தால், பிள்ளைகள் படுக்கிற நேரத்துக்கு முந்தியே கூப்பிடுங்கள்.

தெளிவாச்_சொல்றேன்

முதல் பதிவை இரண்டு முறை படித்தேன். துணி, பலகாரம், ஃபிரிட்ஜ், மகன் தூக்கம், மகள் அழுகை. ஐந்தையும் ஒரே ஆள் சுமக்கிறார். ஊரிலும் இவர்தான் அடுப்படியில் நின்றிருப்பார், இப்போது வந்து மூட்டையைப் பிரிப்பதும் இவர்தான். "எதிரிலேதான் நின்றோம்" என்கிறாரே, நின்றவர் வேறு என்ன செய்தார்? லீவு முடிந்து திரும்பினேன் என்று சொல்லவே பல பெண்களுக்கு வழியில்லை. லீவே கிடையாதே!

வெட்டிப்பேச்சு_வேலு

இதோ வந்துவிட்டது. ஒரு அம்மா யோசனை கேட்டு வந்தால் குடும்பத்தில் குழப்பம் மூட்டி அனுப்புவது.

தெளிவாச்_சொல்றேன்

வேலு, உங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் எத்தனை பட்டன் என்று சொல்லுங்கள். அப்புறம் பேசலாம்.

கோட்டாறு_மகள்

வணக்கம். இது அவளுடைய ஐடி, எழுதுவது கணவன். அவள் சின்னவளைத் தூங்க வைக்கிறாள். துணி மூட்டை என் பொறுப்பு, இரண்டு தவணை போட்டுக் கொடியில் காய்கிறது. பெட்டிகளைப் பரணில் ஏற்றியாச்சு. மற்ற நான்கும் அவள் தலையில்தான் என்பதை மறுக்கவில்லை. பெரியவனிடம் நான் பேசினால் பேச்சு சண்டையில்தான் முடிகிறது, அதனால் ஒதுங்கி நிற்கிறேன். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

தெளிவாச்_சொல்றேன்

மகிழ்ச்சி. காலை டிபனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேக்பெஞ்ச்_பேராசிரியர்

அந்தப் பெரியவன் சார்பில் நான் பேசுகிறேன். பத்தாவது எழுதி நான்கு வருடம்தான் ஆகிறது.

போனைப் பிடுங்காதீர்கள் சார். ஊரில் ஒன்றாகக் கிடந்த கும்பல் அவரவர் ஊருக்குப் போனதும் வாட்ஸ்அப் குரூப்பில் கூடும். எல்லோரும் ஃப்ரீ ஆவதே இரவு பத்து மணிக்கு மேல்தான். அதில் இல்லாவிட்டால் மறுநாள் எந்த ஜோக்கும் புரியாது. அப்பா சொன்னால் அது நடக்காது. அந்தக் கும்பலில் மூத்தவர் யாராவது, காலேஜ் போகிற அண்ணனோ அக்காவோ இருப்பார். அவரிடம் சொல்லி, "பத்தாவதுக்காரனுக்குப் பத்து மணிக்கு மேல் அனுமதி இல்லை" என்று குரூப்பிலேயே அறிவிக்கச் சொல்லுங்கள். கிண்டலாகச் சொன்னாலும் வேலை செய்யும். எனக்கு எங்கள் பெரியம்மா மகள் அப்படித்தான் செய்தாள்.

படிப்பில் முதல் வாரமே பாடம் பாடமாகப் பிடிக்கச் சொன்னால் மலைத்துப்போவான். திருத்திய அரையாண்டுத் தாளைக் கையில் கொடுத்து, மதிப்பெண் போன கேள்விகளை மட்டும் மறுபடி எழுதச் சொல்லுங்கள். திருப்புதலுக்கு அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. பத்தாவது பொதுத்தேர்வு மார்ச்சில். நேரம் இருக்கிறது. ரொம்ப இல்லை, ஆனால் இருக்கிறது.

பழைய_ஆர்மோனியம்

நானும் நாஞ்சில் நாட்டுக்காரன்தான். ஊரிலேயே இருக்கிறேன், பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும்.

ரயில் ஏறிப் போகிறவர்கள் கவலையை எல்லோரும் பேசுகிறீர்கள். இந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை. பெரிய குண்டான் மறுபடி பரணுக்குப் போகிறது. என் மனைவிக்குக் கை அளவு இன்னும் குறையவில்லை. இரண்டு பேருக்கு ஆறு பேர் சோறு வடிக்கிறாள், மறுநாள் இரண்டு பேரும் பழையது குடிக்கிறோம். டிவி ரிமோட் இத்தனை நாள் கழித்து என் கைக்கு வந்திருக்கிறது. வந்த பிறகுதான் பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிகிறது.

அந்தச் சின்னப் பிள்ளை அழுவதைச் சீக்கிரம் நிறுத்த வேண்டிய வியாதி மாதிரி பார்க்காதீர்கள். அவ்வளவு பேர் தனக்கு இருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளைதான் இப்படி அழும். அழட்டும். ஆனால் "பேசு, பேசு" என்று வீடியோ காலில் நிறுத்தாதீர்கள். ஏழு வயதுக்குப் பேச என்ன இருக்கும்? "சாப்பிட்டியா", "ம்", "ஸ்கூல் போனியா", "ம்". விளையாட விடுங்கள். என் பேத்திகள் இரண்டு பேர் இரண்டு ஊரில் உட்கார்ந்து ஞாயிறு சாயங்காலம் ஸ்பீக்கரில் போட்டு நேம் பிளேஸ் அனிமல் திங் ஆடுகிறார்கள். கத்தல் கூரையைப் பிய்க்கிறது. மார்க் போடுகிற வேலை எனக்கு. கள்ளாட்டம் இரண்டு பக்கமும் உண்டு.

கோட்டாறு_மகள்
ஜனவரி 5, மதியம்

நான்தான், நிஜமாகவே நான். ஐயா, அந்த விளையாட்டை இன்றே ஆரம்பிக்கிறோம். என் மாமியார் வீட்டிலும் குண்டான் பரணுக்குப் போயிருக்கும். அதை நான் யோசிக்கவில்லை.

காலை நிலவரம்: பெரியவனை எழுப்பியது மூன்றாவது தெருக் கோயில். மார்கழி மாதமாயிற்றே, விடிவதற்கு முன்னால் திருப்பாவை ஸ்பீக்கரில் வந்துவிட்டது. கர்த்தர் எந்த வழியில் உதவுவார் என்று சொல்ல முடியாது. சின்னவள் பள்ளி வாசல்வரை அழுதாள். உள்ளே போனதும் தோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிபன் அவர்தான் செய்தார், உப்புமா. தெளிவாச் சொல்றேன் அவர்களுக்கு நன்றி, ஓரளவுக்கு.

அடுத்த கேள்வி. பலகாரம். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா, கேக். ஒன்றுகூடத் தீரவில்லை. மகள் தினமும் டிபன் பாக்ஸில் கேட்கிறாள். இந்தச் சர்க்கரைதான் அவளை இப்படி ஆட்டுகிறது என்கிறார் மாடி வீட்டு அக்கா.

பாளை_டீச்சர்

இனிப்பு தின்றால் பிள்ளை துள்ளும் என்பது எங்கள் ஆசிரியர் அறையிலும் வேத வாக்கு. ஆனால் அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் 1995லேயே ஒன்றாகத் தொகுத்துப் பார்த்துவிட்டார்கள். சர்க்கரையால் நடத்தை மாறுவதாகத் தெரியவில்லை. பல்லுக்குக் கெடுதல், சோறு இறங்காது, அதற்காகக் குறையுங்கள். அழுகைக்குக் கலகலாவைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

குளச்சல்_அம்மா

முந்திரிக்கொத்தை முதலில் தீருங்கள். தேங்காய் சேர்ந்தது, வறுவல் கொஞ்சம் குறைந்திருந்தாலும் உள்ளே நூல் விட ஆரம்பிக்கும். அச்சு முறுக்கை ஒரு தடவை வாயில் போட்டுப் பாருங்கள், எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் யாருக்கும் கொடுக்காதீர்கள். கேக் கிடக்கும், அதற்கு அவசரமில்லை. கலகலா டின்னில் காற்றுப் புகாமல் இருந்தால் பொங்கல் தாண்டும்.

மிச்சத்தைப் ஃபிளாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் தட்டில் வைத்துச் சின்னவள் கையில் கொடுத்து அனுப்புங்கள். "யாருமே இல்ல" என்கிறாளே, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பொங்கலுக்குத் தட்டு சும்மா திரும்பி வராது.

அடுப்படிக்கு ஒரு யோசனை. பிரியாணியும் கறியும் தின்று எல்லோருக்கும் வாய் செத்துக் கிடக்கும். நான் முதல் வாரம் ராத்திரிக்குக் கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல், சுட்ட அப்பளம், அவ்வளவுதான். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கும் அரை மணி நேர வேலை.

வெட்டிப்பேச்சு_வேலு

எல்லாம் சரி, ஸ்டாரை எப்போது இறக்குவீர்கள்? எதிர் வீட்டு ஸ்டார் விட்டு விட்டு எரிந்து என் தூக்கம் போகிறது. மதக் கேள்வி இல்லை, வோல்டேஜ் கேள்வி.

பாளை_டீச்சர்

எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் புத்தாண்டு ஆராதனை முடிந்து, அந்த வருடத்துக்கான பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் மாட்டினால் ஸ்டாருக்கு விடை.

குளச்சல்_அம்மா

நாங்கள் கத்தோலிக்கர். மூன்று ராஜாக்கள் திருவிழாவரை குடில் இருக்கும். ஜனவரி 6, பல பங்குக் கோயில்களில் அதை ஒட்டிய ஞாயிறு. ராஜாக்கள் வந்து சேர்வதற்குள் வீட்டைக் காலி செய்தால் எப்படி? குடிலில் முளைத்த கேழ்வரகை அப்புறம் ஆடு தின்னும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா

இங்கேயும் பன்னிரண்டாம் இரவு என்று அதே கணக்குதான், 5 அல்லது 6. அதைத் தாண்டி வைத்திருந்தால் அதிர்ஷ்டம் போகும் என்பார்கள். நிஜ மரம் வைத்தவர்கள் வாசலில் எடுத்துப் போட்டால் கவுன்சில் வண்டி வந்து அள்ளிப் போய்த் தூளாக்கிவிடும்.

பழைய_ஆர்மோனியம்

பழைய வழக்கத்தில் பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாள்வரைகூட வைப்பதுண்டு. எதிர் வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள் வேலு. அந்தக் காலத்தில் சவுக்குக் கிளை வெட்டி வைத்தோம், புத்தாண்டுக்குள் காய்ந்து உதிர்ந்து தானே முடிவு சொல்லிவிடும். பிளாஸ்டிக் மரத்துக்கு அந்த விவரம் இல்லை.

கணக்குப்பிள்ளை

இத்தனை பேர் எழுதியும் பணத்தைத் தொடவில்லையே. டிசம்பர் கார்டு பில் இந்த மாதம் வரும், மூன்றாம் பருவக் கட்டணமும் இந்த மாதம். பழைய வரி முறையில் இருப்பவர்களிடம் முதலீட்டு ஆதாரங்களை ஆபீஸில் கேட்பதும் ஜனவரியில்தான், கொடுக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பு ஏறும். பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போக நினைப்பவர்கள் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டாறு_மகள்
ஜனவரி 7

பொங்கலுக்கு ஊருக்குப் போவதா! பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். டிக்கெட் எங்கே? முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும், பொங்கல் தேதிகள் நவம்பரிலேயே தீர்ந்துவிட்டன. தட்கலில் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று, இரண்டுமே கண் மூடித் திறப்பதற்குள் காலி. வந்தே பாரத்தில் ஒன்பது மணி நேரத்தில் போய்விடலாம்தான், அதிலும் இடமில்லை.

பழைய_ஆர்மோனியம்

மகளே, எல்லோரும் தெற்கே வருகிற நாளில் நீங்களும் ஏன் தெற்கே வர வேண்டும்? மாமனார் மாமியாரை வடக்கே கூப்பிடுங்கள். பொங்கலுக்கு முன்னால் சென்னைக்குப் போகிற வண்டியில் கூட்டம் குறைவு, பொங்கல் முடிந்து சென்னையிலிருந்து ஊருக்கு வருகிற வண்டியும் அப்படித்தான். இரண்டு தடவையும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. நாங்கள் இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறோம். குண்டானுக்கும் வேலை இல்லாத நாட்கள்தானே.

தெளிவாச்_சொல்றேன்

நல்ல யோசனை. ஆனால் வருகிறவர்களுக்குச் சமைப்பது யார் என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

கோட்டாறு_மகள்
ஜனவரி 8

கிடைத்துவிட்டது! 11ஆம் தேதி மாலை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், இரண்டு பேருக்கும் லோயர் பெர்த். மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, அத்தைக்கு நாற்பத்தைந்து எப்போதோ தாண்டிவிட்டது. அந்த ஒதுக்கீட்டிலேயே விழுந்தது. மாமா முதலில் "தோட்டத்துக்கு யார் தண்ணி விடுவா" என்று இழுத்தார். சின்னவள் போனை வாங்கி என்ன சொன்னாளோ, பத்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். சமையல்: காலை அவர், மதியம் நான், ராத்திரி குளச்சல் அம்மா சொன்ன கஞ்சி. பெரியவன் குரூப்பில் அவன் அக்கா அறிவிப்பு போட்டுவிட்டாள். இரண்டு நாளாகப் பத்தரைக்குப் படுக்கிறான். பத்துக்கு இல்லை, பத்தரைக்கு. எடுத்துக்கொண்டேன்.

ஒரு சந்தேகம். மாமாவுக்கு முழங்கால் வலி. எழும்பூர் போய் இறக்குவதா, தாம்பரமா?

வெட்டிப்பேச்சு_வேலு

குரோம்பேட்டைக்குத் தாம்பரம்தான். வண்டி அங்கே நிற்கும். எழும்பூர்வரை போய்த் திரும்பினால் அதே தண்டவாளத்தை இரண்டு முறை பார்ப்பார்கள். விடியற்காலை ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொல்வார்கள், முன்னாலேயே ஆப்பில் போட்டு வையுங்கள். மாமியார் பை கனமாக இருக்கும், ஆள் அனுப்புங்கள். எங்கள் பக்கம் முந்திரிக்கொத்து கிடைப்பதில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.